புரோன்ஸ்வில் கவிதைப் பட்டறை

சிகாகோவின் தெற்கு மிச்சிகன் அவென்யூவில் 3831ஆம் எண் மாளிகையை 1890களின் தொடக்கத்தில் ஒரு தானிய வணிகர் கட்டினார். அப்போது அது பணக்கார வெள்ளையர்களின் தெரு. ஐம்பது ஆண்டுக்குள் அவர்கள் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட, சுற்றுவட்டாரம் முழுவதும் கறுப்பின மக்களின் வாழிடமாகிவிட்டது. 1941இல் அந்த மாளிகையில் ஒரு கவிதைப் பட்டறை தொடங்கியது. வந்தவர்களில் ஓவியம் தீட்டும் ஓர் இளம்பெண் இருந்தார். கைக்குழந்தைக்காரி ஒருவர் தன் கணவரோடு வந்தார். இன்னும் நான்கே ஆண்டில் ஜெர்மனிப் போர்முனையில் உயிர்விடப்போகும் இளைஞர் ஒருவரும் வந்தார். அதே கட்டடத்தில் ஓவிய வகுப்பும் சிற்ப வகுப்பும் நடந்தன. நிலவறையில் கோர்டன் பார்க்ஸ் என்ற இளைஞர் புகைப்படம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கைக்குழந்தைக்காரியின் பெயர் குவெண்டலின் புரூக்ஸ். ஒன்பது ஆண்டு கழித்து அவர் கவிதைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். எந்தத் துறையிலும் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அமெரிக்க இலக்கிய வரலாற்று நூல்கள் பட்டறையை இந்தப் பரிசுக்கு ஒரு முன்னுரையாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பட்டறையின் கதை அதைவிடப் பெரியது. தங்கள் குடும்பத்தையும் தெருவையும் முன்னோரையும் எழுத நினைத்த சாதாரண மக்களுக்கு எழுத்தின் கடுமையான பயிற்சியைக் கொடுத்தது அது. அந்தப் பயிற்சி அறுபது ஆண்டுகளுக்குக் கைமாறிக்கொண்டே போனது.

முதலில் அந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1910இல் சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை சுமார் 44 ஆயிரம். 1940இல் அது 2 லட்சத்து 78 ஆயிரத்தை நெருங்கியிருந்தது. மிசிசிப்பி, லூசியானா, ஆர்கன்சா மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து, குத்தகைக் கடனுக்கும் வெறிக்கும்பலின் தூக்குக் கயிற்றுக்கும் தப்பி, இல்லினாய் சென்ட்ரல் ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பினப் பத்திரிகை வடக்கே வரச்சொல்லித் தொடர்ந்து எழுதியது. ரயில் பணியாளர்கள் அதன் பிரதிகளைத் தென்மாநிலங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வந்து இறங்கியவர்களுக்கு நகரம் ஒதுக்கியது தெற்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய நிலப்பட்டை மட்டுமே. கறுப்பினத்தாருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வெள்ளைய வீட்டுக்காரர்கள் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1948 ஆகிவிட்டது.

அதனால் அந்தப் பட்டைக்குள் வாடகை ஏறியது, வீடுகள் துண்டாயின. ஆறேழு அறை கொண்ட வீட்டை வீட்டுக்காரர்கள் ஒற்றை அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பை வைத்து, குடும்பத்துக்கு ஒன்றாக வாடகைக்கு விட்டார்கள். இதற்கு கிச்சனெட் என்று பெயர். ஒரு மாடியில் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே குளியலறை. நெரிசலும் வறுமையும் நிறைந்த அந்தப் பகுதியிலேயே வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், தேவாலயங்கள், பத்திரிகைகள், ஜாஸ் அரங்குகள் எல்லாம் கறுப்பின மக்களின் கையாலேயே எழுந்தன. அந்தப் பகுதிக்குப் புரோன்ஸ்வில் என்ற பெயரை 1930களில் உள்ளூர்ப் பத்திரிகைகள் பரப்பின. மற்றவர்கள் இழிவாகச் சொன்ன பெயர்களை ஒதுக்கிவிட்டு மக்களும் அதையே ஏற்றுக்கொண்டார்கள்.

பட்டறை நடந்த மாளிகையில் இயங்கிய கலை மையம் அந்த மக்களின் காசில் வந்தது. பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு ஒரு கூட்டாட்சிக் கலைத் திட்டத்தை நடத்தியது. அதன் கீழ் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கலை மையங்கள் திறக்கப்பட்டன. ஊர்மக்கள் கட்டடத்தைத் தேடிக்கொடுத்தால் புதுப்பிக்கும் செலவையும் பணியாளர் சம்பளத்தையும் அரசு ஏற்கும் என்பது ஏற்பாடு. தெற்கு சிகாகோவில் ஆசிரியர்கள், மகளிர் சங்கத்தினர், தொழில்முனைவோர், ஓவியர்கள் எல்லாரும் சேர்ந்து பணம் திரட்டினார்கள். ஓவியர்கள் நடன விழா நடத்தி டிக்கெட் விற்றார்கள். மார்கரெட் பரோஸ் என்ற இளம் ஓவியர் 39ஆம் தெரு முனையில் உண்டியல் குலுக்கினார். ஒரு மைல் நீளத்துக்கு அடுக்கும் அளவு பத்து சென்ட் நாணயங்களைச் சேர்ப்போம் என்பது அந்த வசூலின் முழக்கம். கிச்சனெட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பத்து சென்ட் சிறிய பணமாக இருந்திருக்காது.

சவுத் சைட் கம்யூனிட்டி ஆர்ட் சென்டர் 1940 டிசம்பரில் கதவு திறந்தது. 1941 மே 7ஆம் நாள் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் நேரில் வந்து முறைப்படி தொடங்கிவைத்தார். விழா வானொலியில் ஒலிபரப்பானது. சார்ல்ஸ் ஒயிட், ஆர்ச்சிபால்ட் மோட்லி, எலிசபெத் கேட்லெட் போன்ற ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே வேலை செய்தார்கள் அல்லது படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார்கள். கோர்டன் பார்க்ஸ் அங்கே காட்சிக்கு வைத்த படங்கள் அவருக்கு ஓர் உதவித்தொகையைப் பெற்றுத்தந்தன. அதைக்கொண்டு வாஷிங்டன் போனவர் அமெரிக்காவின் தலைசிறந்த புகைப்படக்காரர்களில் ஒருவரானார்.

கவிதைப் பட்டறையை நடத்த வந்தவர் இனெஸ் கன்னிங்ஹாம் ஸ்டார்க். நகரின் வடக்கே ஏரிக்கரைச் செல்வந்தர் வட்டத்தைச் சேர்ந்த வெள்ளையப் பெண். போயட்ரி இதழுக்கு வந்துசேரும் கவிதைகளைப் படித்துத் தேர்வுசெய்யும் வேலையில் பழகியவர். சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கிய ரினைசான்ஸ் சங்கத்தின் தலைவராக இருந்து ஐரோப்பிய நவீனக் கலையைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தவர். அவர் தெற்குப் பக்கம் போவதைத் தோழிகள் தடுத்துப் பார்த்தார்கள். உயிருக்கே ஆபத்து என்றுகூட எச்சரித்தார்கள். ஸ்டார்க் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கை நிறையப் புத்தகங்களோடு வந்தார். தன் வீட்டு நூலகத்துப் புத்தகங்களை இரவல் கொடுத்தார். போயட்ரி இதழைப் பட்டறைக்காரர்கள் கையில் கிடைக்கச் செய்தார். யாப்பு, படிமம், சொற்சிக்கனம் எல்லாவற்றையும் அலசினார்கள். தான் ஆசிரியை ஆக வரவில்லை, கவிதையை நேசிக்கும் தோழியாகவே வந்திருப்பதாகச் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னாலும் தாட்சண்யம் பார்க்கவில்லை. நீண்ட கவிதை ஒன்றைக் கேட்டுவிட்டு, இதில் கடைசி நான்கு வரி மட்டும் போதும் என்பார். எல்லாருக்கும் தெரிந்ததையே அடுக்கிக்கொண்டு போகாதே என்பார். சதையைக் குறைத்து எலும்பு தெரியும்வரை வேலை செய்யச் சொல்வார்.

ஸ்டார்க்கைவிடக் கடுமையாக இருந்தவர்கள் சக மாணவர்கள். ஒருவர் கவிதையை மற்றவர் வரிவரியாகப் பிரித்துப் போட்டார்கள். பாராட்டு அரிதாகத்தான் கிடைத்தது. அந்தப் பட்டறையில் வாங்கிய அடிகளைப் புரூக்ஸ் தன் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர் கணவர் ஹென்றி பிளேக்லியும் கவிஞர். இருவரும் சேர்ந்தே போனார்கள். மார்கரெட் டானர் வந்தார். உண்டியல் குலுக்கிய மார்கரெட் பரோசும் வந்தார். விமர்சனக் கூர்மையால் எல்லாராலும் மதிக்கப்பட்ட எட்வர்ட் பிளாண்ட் வந்தார். 1945இல் ஜெர்மனியில் நடந்த போரில் அவர் இறந்தபோது புரூக்ஸ் எழுதிய நினைவுக் கவிதை அவருடைய இரண்டாம் தொகுப்பின் முகப்பில் இருக்கிறது. ஒருநாள் லாங்ஸ்டன் ஹியூசே வந்து உட்கார்ந்து இவர்கள் வாசித்ததைக் கேட்டார். ஹார்லெம் மறுமலர்ச்சி என்ற கறுப்பின இலக்கிய இயக்கத்தின் மாபெரும் கவிஞர் கேட்டு வியந்துபோனார் என்பது பட்டறைக்காரர்களுக்குப் பெரிய உரமாக அமைந்தது.

இங்கே கொஞ்சம் நின்று புரூக்சின் வீட்டைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பட்டறை அவருக்குக் கவிதையைக் கொடுக்கவில்லை. அது வீட்டிலேயே இருந்தது. அவருடைய தந்தைவழித் தாத்தா அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி, உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்தவர். தந்தை டேவிட் புரூக்ஸ் மருத்துவராகும் கனவோடு ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்தார். பணம் இல்லாமல் நிறுத்திவிட்டுச் சிகாகோவில் ஓர் இசைப் பதிப்பகத்தில் துப்புரவாளராக வேலை பார்த்தார். மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளுக்குக் கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரின் கவிதைகளைச் சொல்லிக்காட்டுவார். தாய் கெசாயா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகள் எழுதுகிறாள் என்று தெரிந்ததும் வீட்டு வேலைகளிலிருந்து அவளை விடுவித்தார். நீ பெண் டன்பராக வருவாய் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போய், உரையாற்ற வந்திருந்த லாங்ஸ்டன் ஹியூசிடம் கவிதைகளைக் காட்டியவரும் அந்தத் தாய்தான். பதின்மூன்று வயதில் ஒரு சிறுவர் இதழில் முதல் கவிதை வந்தது. பதின்ம வயதிலேயே டிஃபெண்டர் பத்திரிகையின் கவிதைப் பத்தியில் அவர் பெயர் அடிக்கடி தென்பட்டது.

அந்த இளமைக் கவிதைகள் பெரும்பாலும் பிறர் பாடிய பொருள்களைப் பாடின. பட்டறையின் கண்டிப்பு அவரைத் தன் ஜன்னலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. 63ஆம் தெருவில் மூலைக் கட்டடம் ஒன்றில் சிறிய வீடு. ஒரு பக்க ஜன்னலில் பார்த்துவிட்டு மறுபக்க ஜன்னலில் பார்த்தால் எழுதுவதற்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும் என்று அவர் பின்னால் சொன்னார். குளியலறைக்கு வரிசையில் நிற்பவர்கள், தேவாலயத்துக்குப் போகும் கிழவிகள், ஞாயிற்றுக்கிழமை பட்டுச் சட்டையில் மிடுக்காகத் திரியும் இளைஞன், கலைத்துவிட்ட கருவோடு பேசும் தாய். இவர்களை மிகக் கட்டுக்கோப்பான யாப்பிலும் பேச்சு வழக்கிலும் மாறி மாறி எழுதினார்.

1943இல் ஒரு மத்திய மேற்கு எழுத்தாளர் மாநாட்டின் கவிதைப் பரிசு கிடைத்தது. கவிதைகள் நியூயார்க்கின் ஹார்ப்பர் பதிப்பகத்துக்குப் போயின. கருத்துக் கேட்டு ரிச்சர்ட் ரைட்டுக்கு அனுப்பினார்கள். மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்து கிச்சனெட் வாழ்வை அனுபவித்த நாவலாசிரியர் அவர். இதில் தன்னிரக்கம் இல்லை, உள்ளதை உள்ளபடி பிடித்திருக்கிறார் என்று மனமாரப் பாராட்டினார். இன்னொரு நீண்ட கவிதை சேர்ந்தால் தொகுப்பு நிறைவாகும் என்றார். புரூக்ஸ் எழுதிக் கொடுத்தார். கருக்கலைப்பைப் பற்றிய கவிதை மட்டும் வேண்டுமா என்று ரைட் தயங்கினார். புரூக்ஸ் அதை எடுக்கவில்லை. அவர் செய்தது சரி. குடும்பத்தைப் பற்றி எழுதுவது என்றால் வெளியில் சொல்லத் தயங்கும் துயரத்தையும் சேர்த்து எழுதுவதுதான் என்பதை அந்தக் கவிதை இன்றும் நிலைநாட்டிக்கொண்டிருக்கிறது. 'எ ஸ்ட்ரீட் இன் புரோன்ஸ்வில்' 1945இல் வெளிவந்தது. 1949இல் வந்த 'ஆனி ஆலன்' மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. பரிசுச் செய்தி தொலைபேசியில் வந்த மாலையில் வீட்டில் விளக்கு எரியவில்லை. மின்கட்டணம் கட்டாததால் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். மறுநாள் புகைப்படக்காரர்கள் விளக்கு வயரைச் சொருகும்போது என்ன ஆகுமோ என்று அவர் பதறினார். யாரோ அதற்குள் பணம் கட்டி இணைப்பை மீட்டிருந்தார்கள்.

ஸ்டார்க்கின் பட்டறை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1943இல் அரசின் கலைத் திட்டமும் முடிந்துபோனது. நாட்டின் பெரும்பாலான கலை மையங்கள் அதோடு மூடப்பட்டன. தெற்கு சிகாகோ மையத்தை ஊர்மக்கள் விடவில்லை. சந்தா கட்டியும் விழா நடத்தியும் காப்பாற்றினார்கள். பட்டறையில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன இடத்தில் அதே வேலையைத் தொடங்கியது இன்னும் வியப்பானது.

மார்கரெட் டானர் போயட்ரி இதழில் சேர்ந்து 1956இல் அதன் துணையாசிரியர்களில் ஒருவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். பிறகு டெட்ராய்ட் போய் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான காலி வீட்டைக் கேட்டு வாங்கி, பூன் ஹவுஸ் என்ற பெயரில் கவிஞர்கள் கூடும் இடமாக்கினார். அங்கே வந்து பழகிய நூலகர் டட்லி ராண்டல் 1965இல் பிராட்சைட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். முதலீடு 12 டாலர். ஒற்றைத் தாளில் ஒரு கவிதையை அச்சிட்டு விற்பதில் ஆரம்பித்து, கறுப்பினக் கவிஞர் ஒரு தலைமுறையையே அவர் அச்சேற்றினார்.

மார்கரெட் பரோஸ் பள்ளியில் ஓவியம் கற்பித்தார், லினோ அச்சில் கறுப்பின முகங்களைச் செதுக்கினார், கவிதையும் எழுதினார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1950களில் கல்வித் துறை அவரை அழைத்து விசாரித்தது. ஓராண்டு விடுப்பில் மெக்சிகோ போய் அங்கிருந்த மக்கள் அச்சுக்கலைப் பட்டறையில் பயின்று திரும்பினார். 1961இல் கணவர் சார்ல்சும் நண்பர்களும் துணைநிற்க, தன் வீட்டின் கீழ்த்தளத்தையே அருங்காட்சியகமாக்கினார். வீடு கலை மையத்துக்கு எதிர்ச்சாரியில் 3806ஆம் எண். பிற்காலத்தில் டூசாபிள் அருங்காட்சியகம் என்று பெயர்பெற்ற அது, நாட்டின் முதல் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகங்களில் ஒன்று. கறுப்பாகப் பிறந்த தன் பிள்ளைகளுக்கு அவர்களுடைய முன்னோரைப் பற்றி என்ன சொல்வது என்று ஒரு தாய் தவிக்கும் அவருடைய கவிதை பள்ளி மேடைகளில் பலமுறை ஒலித்தது. அருங்காட்சியகமும் அந்தக் கவிதையும் ஒரே கேள்விக்கு அவர் கொடுத்த இரண்டு பதில்கள்.

புரூக்ஸ் கதையில் திருப்பம் 1967இல் வந்தது. தந்தை படிப்பை நிறுத்திய அதே ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்தாளர் மாநாடு. அமிரி பராக்கா போன்ற இளையவர்கள் முழக்கமிட்டார்கள்; கறுப்பினக் கவிஞர் கறுப்பின மக்களிடமே பேச வேண்டும் என்றார்கள். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த புரூக்சுக்கு அங்கே மரியாதை இருந்தது, நெருக்கம் இல்லை. புலிட்சர் பெற்றவர் கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவர் மாணவியாகத் திரும்பினார்.

அதே ஆண்டு பாடகர் ஆஸ்கர் பிரவுன் பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற தெருக்கும்பல் இளைஞர்களை வைத்து ஓர் இசை நாடகம் போட்டார். ஒத்திகையைப் பார்த்த புரூக்ஸ், இவர்களில் யாருக்காவது எழுத விருப்பம் உண்டா என்று விசாரித்தார். ஒரு தேவாலயத்தில் பட்டறை தொடங்கியது. கும்பலைச் சேர்ந்தவர்களோடு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள்: பிற்காலத்தில் ஹாக்கி மதுபுட்டி என்று பெயர் மாற்றிக்கொண்ட டான் லீ, கேரலின் ராட்ஜர்ஸ், ஜொஹாரி அமினி, வால்டர் பிராட்ஃபோர்ட். 1941இல் தான் கற்றபடியே புரூக்ஸ் ஐயாம்பிக் சீரையும் சானெட் வடிவத்தையும் சொல்லித்தர முயன்றார். மாணவர்கள் மறுத்தார்கள், வாதிட்டார்கள். அவர் விட்டுக்கொடுத்தார், ஆனால் சொல்லைச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. வாசகனை மனதில் வைத்து எழுது என்று அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். எழுதியதைத் திருத்து என்று அவர் அவர்களுக்குச் சொன்னார். இரண்டு தலைமுறை ஒன்றையொன்று இவ்வளவு நேர்மையாகப் பயிற்றுவித்த நிகழ்ச்சி எந்த இலக்கியத்திலும் அரிது.

பட்டறை விரைவில் அவர் வீட்டு முன்னறைக்கே இடம்பெயர்ந்தது. தெற்கு எவன்ஸ் அவென்யூவில் எளிய வீடு. இளைஞர்கள் அங்கிருந்து கிளம்பிப் பூங்காவிலும் வீட்டுவசதி வளாகத்திலும் கவிதை வாசித்தார்கள். ஒருமுறை எல்லாரும் கூட்டமாக ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தார்கள். டான் லீ எழுந்து நின்று, கொஞ்சம் கவிதை சொல்லப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு வாசித்தார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். புரூக்ஸ் இதைப் பலமுறை பெருமிதத்தோடு சொல்லியிருக்கிறார். கேரலின் ராட்ஜர்சையும் ஜொஹாரி அமினியையும் சேர்த்துக்கொண்டு டான் லீ அதே 1967இல் ஒரு நிலவறை வீட்டில் 400 டாலரும் ஒரு சைக்ளோஸ்டைல் எந்திரமுமாகத் தொடங்கிய தேர்ட் வேர்ல்ட் பிரஸ் இன்றும் புத்தகம் போடுகிறது.

அந்தக் கோடையில் 43ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் மூலையில், இடிந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சுவரில் ஓவியர்கள் கூட்டாக வரைந்தார்கள். மரியாதைச் சுவர் என்று அதற்குப் பெயர். வில்லியம் வாக்கர், ஜெஃப் டொனால்ட்சன் முதலியவர்கள் இசைக்கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள், தலைவர்கள், எழுத்தாளர்கள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட முகங்களைத் தீட்டினார்கள். இடையிடையே புகைப்படங்களும் பதிக்கப்பட்டன. பராக்காவின் கவிதை ஒன்று சுவரிலேயே எழுதப்பட்டது. புரூக்சின் முகமும் அங்கே இருந்தது. திறப்பு விழாவில் அவர் அந்தச் சுவரைப் பற்றியே கவிதை எழுதி வாசித்தார். சுற்றுப்புறத்துக் குடும்பங்கள் சுவரைக் காவல் காத்தன. 1971இல் தீவிபத்துக்குப் பிறகு கட்டடம் இடிக்கப்பட்டது. அதற்குள் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சமூகச் சுவரோவியங்கள் எழத் தொடங்கிவிட்டன.

இடிந்த இன்னொரு கட்டடமும் புரூக்சின் எழுத்தில் நிற்கிறது. 1893 உலகக் கண்காட்சிக்கு வருவோருக்காகக் கட்டப்பட்ட மெக்கா குடியிருப்பு, பின்னாளில் கறுப்பினக் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடமானது, 1952இல் தரைமட்டமாக்கப்பட்டது. இளம் வயதில் அங்கே தாயத்தும் மந்திரமும் விற்ற ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர் புரூக்ஸ். காணாமற்போன சிறுமகளைத் தேடிக் கதவு கதவாகத் தட்டும் ஒரு தாயின் வழியாக அந்தக் குடியிருப்பு முழுவதையும் 1968இல் ஒரே நீள்கவிதைக்குள் கொண்டுவந்தார். இன்று அந்த இடத்தில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் புகழ்பெற்ற கிரவுன் ஹால் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்கள் பார்க்க வருகிறார்கள்; அடியில் இருந்த வீடுகளைத் தெரிந்துகொள்ள அந்தக் கவிதையைத்தான் படிக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்தது பணத்திலும் புகழிலும் அவருக்குப் பெரிய இழப்பு. ஹார்ப்பர் பதிப்பகத்தை விட்டு விலகி, 12 டாலரில் தொடங்கிய பிராட்சைட் பிரசுக்குத் தன் நூல்களைக் கொடுத்தார். 1970இல் வந்த 'ஃபேமிலி பிக்சர்ஸ்', 1972இல் வந்த தன்வரலாறு இரண்டும் அங்கேதான் வெளிவந்தன. தன் பட்டறை இளைஞர்களின் கவிதைகளை அவரே தொகுத்து, 1971இல் 'ஜம்ப் பேட்' என்று அதே பதிப்பகத்தில் வெளியிட்டார். 1980களில் இளம் கவிஞர்களுக்கு எழுதும் முறை சொல்லும் சிறுநூல்களைத் தானே அச்சிட்டார். பின்னர் நடத்திய சொந்தப் பதிப்பகத்துக்கு வைத்த பெயர் டேவிட் கம்பெனி, தந்தையின் பெயரில்.

1968இல் இல்லினாய் மாநில அரசவைக் கவிஞரானார். 2000 டிசம்பர் 3இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பதவி கௌரவத்துக்கு என்று விட்டுவிடாமல், மாநிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கவிதைப் போட்டி வைத்தார். பரிசுப் பணம் அவர் சொந்தப் பையிலிருந்து. பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய்ப் பட்டறை நடத்தினார். மார்கரெட் பரோசும் ஸ்டேட்வில் சிறைக்குப் பல ஆண்டுகள் போய்க் கைதிகளுக்கு ஓவியமும் எழுத்தும் கற்பித்தார். 2010இல் தொண்ணூறு கடந்த வயதில் இறந்தார்.

ஸ்டார்க்கின் பெருந்தன்மையை இந்த வரலாற்றில் குறைத்துச் சொல்லக் கூடாது. வெள்ளையச் செல்வந்தர் ஒருவர் கறுப்பினத்தாரின் திறமையைக் கண்டெடுத்தார் என்று கதையை முடித்துவிடவும் கூடாது. அந்த அறை முன்பே மக்களின் நாணயங்களில் வாங்கப்பட்டிருந்தது; அந்தக் குடும்பங்களில் டன்பரின் கவிதைகள் முன்பே ஒலித்துக்கொண்டிருந்தன. ஸ்டார்க் கொண்டுவந்தது கண்டிப்பும் புத்தகமும். இரண்டும் சேர்ந்ததால்தான் ஒரு தெருவின் குடும்பக் கதைகள் உலக இலக்கியமாயின. மரபைப் போற்றும் பட்டறைகள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கைதட்டலோடு முடிந்துவிடுகின்றன. எழுதியவரைத் திரும்ப எழுதவைக்கும் பட்டறைகள்தான் இன்றைய தேவை.

அரசின் திட்டத்தில் பிறந்த நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களில் தெற்கு சிகாகோ மையம் தன் பழைய வீட்டிலேயே நிலைத்து நிற்கிறது; 1994இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. சிகாகோவுக்குப் போகும் தமிழர்கள் பலர் 1893இல் விவேகானந்தர் உரையாற்றிய ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதுவும் மிச்சிகன் அவென்யூவில்தான் இருக்கிறது. அங்கிருந்து அதே சாலையில் தெற்கே ஏறத்தாழ நான்கு மைல் போனால் 3831ஆம் எண் வீடு. இன்னும் தெற்கே வாஷிங்டன் பூங்காவில் பரோஸ் தொடங்கிய அருங்காட்சியகம். போகிறவர்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கி இரண்டையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.